போன சலாபம், இந்தச் சலாபம்

தூத்துக்குடியில் மக்ரூன் செய்து விற்கும் பேக்கரி ஒன்று உங்களுக்குச் சொந்தம் என்று வைத்துக்கொள்வோம். (வைத்துக்கொள்வதில் நஷ்டம் ஒன்றும் இல்லையே!) காலம் மாறிவிட்டது. கடைக்கு ஓர் இணையதளமும் போட்டாகிவிட்டது. சென்னையிலோ சிங்கப்பூரிலோ ஒருவர் கம்ப்யூட்டரில் ‘தூத்துக்குடி மக்ரூன்’ என்று தட்டினால் உங்கள் கடை பெயர் வரவேண்டும். வருகிறதா?

வருகிறதா, இல்லையா என்று பார்க்க கூகுள் நிறுவனமே ‘சர்ச் கன்சோல்’ என்ற ஒரு வசதியை இலவசமாகத் தருகிறது. தேடியவர்களின் கண்ணில் உங்கள் கடை எத்தனை முறை பட்டது, அவர்களில் எத்தனை பேர் அதை அழுத்தி உள்ளே வந்தார்கள், வரிசையில் சராசரியாக எத்தனையாவது இடம் - எல்லாம் சொல்லும். இன்னொன்றும் செய்யும். இரண்டு காலகட்டங்களைக் கொடுத்தால், பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வித்தியாசத்தையும் போட்டுக் காட்டும்.

ஜனவரியில் ஒருநாள் பார்க்கிறீர்கள். டிசம்பரை விடப் பாதியாகக் குறைந்திருக்கிறது! ‘ஐயோ, கடை போச்சே’ என்று தலையில் கை வைக்கிறீர்கள். அப்போது வேலைக்கார அண்ணாச்சி சாவகாசமாகச் சொல்கிறார்: “டிசம்பர்ல கிறிஸ்துமஸ்லா மொதலாளி! ஜனவரில யாரு மக்ரூன் தேடுவா?”

சரி, டிசம்பரோடு போன டிசம்பரை ஒப்பிடலாம் என்று முடிவு செய்கிறீர்கள். 2024 டிசம்பரை 2023 டிசம்பரோடு ஒப்பிட்டிருந்தால், பிரமாதமான முன்னேற்றம் தெரிந்திருக்கக்கூடும். சந்தோஷப்படுவதற்கு முன் ஒரு நிமிஷம்... 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டமே வெள்ளத்தில் மிதந்தது. கடை திறக்கவே வழியில்லாத மாதத்தோடு ஒப்பிட்டு, ‘வளர்ந்துவிட்டோம்’ என்று எப்படிச் சொல்வது?

இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது சுலபம். அந்த இரண்டு காலமும் ஒரே மாதிரியான காலம்தானா என்று கேட்பதுதான் கஷ்டம்.

இந்தத் தலைவலி கம்ப்யூட்டரோடு வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். இதே தூத்துக்குடிக் கடலில், முந்நூறு வருஷங்களுக்கு முன்பே இதே கணக்கைப் போட்டிருக்கிறார்கள். அவர்கள் தேடியது முத்து!

தூத்துக்குடியிலிருந்து கரையை ஒட்டி வடக்கே போனால் தருவைகுளம், வேப்பலோடை, அதைத் தாண்டி கீழவைப்பார். வைப்பாறு கடலில் கலக்கிற இடம். பக்கத்து ஊரின் பெயர் சிப்பிகுளம். பெயரே கதை சொல்கிறது அல்லவா? இந்தக் கரையிலிருந்து கடலுக்குள் போனால், ஆழத்தில் பாறையும் மணலும் கலந்த திட்டுகள் இருக்கின்றன. முத்துச்சிப்பி ஒட்டி வளர்கிற இடங்கள். அவற்றுக்கு மீனவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘பார்’. ஒவ்வொரு பாருக்கும் தனிப் பெயர் உண்டு. தொலையிரம் பார், உட்டிப் பார், கிளாத்திப் பார், நெஞ்சுரிச்சான் பார்... இந்தப் பட்டியலில் நம் ஊருக்கும் இடம் உண்டு - வைப்பார் பெரிய பார், வைப்பார் கரைப் பார்.

முத்துக்குளிக்கும் பருவத்துக்கு ‘சலாபம்’ என்று பெயர். கடற்கரையில் திடீரென்று ஓர் ஊரே முளைக்கும். குளியாளிகள், தோணிக்காரர்கள், வியாபாரிகள், சாராயக் கடைக்காரர்கள், கூடவே சுறாமீனின் வாயைக் கட்டுவதாகச் சொல்லி மந்திரம் போடும் ‘கடல்கட்டி’. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, கிடைத்ததில் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு, மந்திரக்காரர்களுக்கு இருபதில் ஒரு பங்கு என்று எழுதி வைத்திருக்கிறார். பார்த்தீர்களா, சுறாவின் வாயைக் கட்டினால் அரசனுக்குக் கிடைப்பதில் பாதி கிடைத்திருக்கிறது!

குளியாளி ஒரு கல்லில் கால் வைத்து, கயிற்றைப் பிடித்து இறங்குவார். ஐந்து பாகம், பத்து பாகம் ஆழம். (ஒரு பாகம் என்றால் ஆறடி.) மூச்சு தாங்குவது ஒரு நிமிஷம், கூடப்போனால் இன்னும் கொஞ்சம். அதற்குள் கைக்கு அகப்பட்ட சிப்பிகளை வலைப்பையில் வாரிப் போட்டுவிட்டுக் கயிற்றை ஆட்ட வேண்டும். மேலே இருப்பவர் இழுப்பார். எத்தனை சிப்பியில் ஒன்றில் முத்து இருக்கும் என்பது யாருக்கும் தெரியாத ரகசியம்.

இப்படி ஆயிரக்கணக்கான பேரைக் கூட்டி, செலவு செய்து, கடைசியில் சிப்பியே இல்லை என்றால்? அதற்குத்தான் முன்கூட்டியே ஒரு சோதனை.

1700-ம் ஆண்டு. தூத்துக்குடி அப்போது டச்சுக்காரர்கள் கையில். அந்த வருஷம் மார்ட்டின் என்ற இயேசு சபைப் பாதிரியார் எழுதிய கடிதத்தில் இந்தச் சோதனையை விவரிக்கிறார். சலாபத்துக்குச் சில மாதங்கள் முன்பு பத்துப் பன்னிரண்டு தோணிகளை அனுப்புவார்கள். அவை கொண்டுவரும் சிப்பிகளை ஆயிரம் ஆயிரமாகக் கூறு கட்டி வைப்பார்கள். ஒவ்வொரு ஆயிரத்திலும் கிடைத்த முத்துக்கு என்ன விலை என்று தனித்தனியாகப் பார்ப்பார்கள். ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் தேறினால் சலாபம். தேறாவிட்டால்? ‘இந்த வருஷம் கிடையாது, எல்லோரும் வீட்டுக்குப் போங்கள்!’

என்ன அழகான கணக்கு பாருங்கள். ‘மொத்தம் எவ்வளவு கிடைத்தது’ என்று அவர்கள் கேட்கவில்லை. ‘ஆயிரத்துக்கு எவ்வளவு’ என்று கேட்டார்கள். பத்துத் தோணி போன வருஷத்தையும் இருபது தோணி போன வருஷத்தையும் அப்படித்தானே ஒப்பிட முடியும்? பிற்பாடு வந்த வெள்ளைக்கார அதிகாரிகள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். எத்தனை முழுக்கு, ஒரு முழுக்குக்குச் சராசரியாக எத்தனை சிப்பி என்றும் எழுதி வைத்தார்கள். எத்தனை பேர் பார்த்தார்கள், அதில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று உங்கள் மக்ரூன் கடைக்கு கூகுள் போடும் கணக்குக்கு இது கொள்ளுத்தாத்தா!

இப்போது ஒரு சுவாரஸ்யமான காலத்துக்கு வருவோம்.

1822-ல் தூத்துக்குடிப் பக்கம் நடந்த சலாபத்தில் கம்பெனி அரசுக்குச் சுமார் 13,000 பவுண்டு வருமானம். 1830-ல் சுமார் 10,000 பவுண்டு. அதற்குப் பிறகு பூஜ்யம். ஒரு வருஷமல்ல, இரண்டு வருஷமல்ல... 1860 வரை சலாபமே இல்லை. முப்பது வருஷம்!

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 1830-க்கும் 1856-க்கும் நடுவில் பதின்மூன்று முறை பார்களைச் சோதித்திருக்கிறார்கள். பதின்மூன்று முறையும் ஒரே பதில்: ‘சலாபம் வைக்கிற அளவுக்கு வளர்ந்த சிப்பி இல்லை.’ இல்லை என்று தெரிந்தும் மறுபடி போயிருக்கிறார்கள். மறுபடி இறங்கியிருக்கிறார்கள். மறுபடி ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறார்கள்.

வெட்டி வேலை என்று தோன்றுகிறதா? என்னைக் கேட்டால் அந்தக் கணக்குப் புத்தகத்திலேயே விலைமதிப்புள்ள பக்கங்கள் அவைதான். ‘தேடினோம், கிடைக்கவில்லை’ என்பது ஒரு பூஜ்யம். ‘தேடவே இல்லை’ என்பது இன்னொரு பூஜ்யம். காகிதத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் முதலாவது கடலைப் பற்றிச் சொல்கிறது. இரண்டாவது நம்மைப் பற்றிச் சொல்கிறது! உங்கள் இணையதளத்துக்குள் ஒருவர்கூட வரவில்லை என்றால், ஆயிரம் பேர் கண்ணில் பட்டும் வரவில்லையா அல்லது யார் கண்ணிலுமே படவில்லையா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

பதின்மூன்று முறை தேடியதால்தான், ‘ஏன் இல்லை’ என்ற அடுத்த கேள்வியைக் கேட்க முடிந்தது. தூத்துக்குடித் துறைமுக அதிகாரி கேப்டன் ராபர்ட்சன் சில காரணங்களைச் சொன்னார். பாம்பன் கால்வாயை அகலப்படுத்தியதில் நீரோட்டம் வேகமாகி, சிப்பிக் குஞ்சுகள் ஒட்ட முடியாமல் போயிருக்கலாம். சங்கு குளிக்கப் போகும் தோணிகளின் நங்கூரம் பட்டுச் சிப்பிகள் செத்து, செத்தவை மற்றவற்றையும் கெடுத்திருக்கலாம். சரியோ தப்போ, அவர் 1822-ஐயும் 1850-களையும் வெறும் எண்களாகப் பார்க்கவில்லை. நடுவில் என்ன மாறியது என்று தேடினார்.

1860-களின் தொடக்கத்தில் சிப்பி திரும்பி வந்தது. சலாபம் நடந்தது. மறுபடி நீண்ட மௌனம். அடுத்த சலாபம் 1889-ல்தான். சென்னை மியூசியத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் அதைப் பார்ப்பதற்கென்றே தூத்துக்குடி வந்து, மறு வருஷம் ஒரு புத்தகமும் எழுதினார்.

ஏன் இந்த விட்டு விட்டு வரும் விளையாட்டு? சிப்பியின் வாழ்க்கையைப் பார்த்தால் புரியும். சிப்பிக் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் நீரோட்டத்தில் மிதந்து வந்து, தோதான பாரில் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒரு பருவத்தில் ஒட்டியவை ஒரே வயதுக் கூட்டம், பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்புப் பிள்ளைகள் மாதிரி. முத்து தேற நாலைந்து வயது ஆக வேண்டும். ஆறேழு வயதானால் தானாகவே செத்துவிடும். நடுவில் மணல் மூடலாம். திருக்கையும் கிளாத்தி மீனும் நட்சத்திர மீனும் தின்று தீர்க்கலாம். புதிதாகக் குஞ்சு வந்து ஒட்டாவிட்டால் பார் காலி!

அதாவது, இந்த வருஷம் நிறையக் கிடைத்தது என்றால் கடல் வளர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. சில வருஷம் முன்பு வந்து ஒட்டிய ஒரு கூட்டத்தை நாம் இப்போது எடுத்துச் செலவழிக்கிறோம். பேங்கில் போட்டதை எடுப்பதற்குச் சம்பள உயர்வு என்று பெயர் வைக்க முடியுமா?

முடியும் என்று நினைத்த ஒரு கம்பெனியின் கதையைக் கேளுங்கள்.

இதற்குக் கடலைத் தாண்டி எதிர்க்கரைக்குப் போக வேண்டும். எதிர்க்கரை என்றாலும் மன்னார் வளைகுடா ஒன்றுதான், சிப்பியும் அதே ஜாதிதான். அங்கே மரிச்சுக்கட்டியில் சலாபம் என்றால் தூத்துக்குடிப் பரதவர்களும் கீழக்கரை முஸ்லிம் குளியாளிகளும் தோணி ஏறிப் போவது வழக்கம். இலங்கையில் 1892 முதல் 1902 வரை சலாபமே இல்லை. கவலைப்பட்ட அரசு, இங்கிலாந்திலிருந்து ஹெர்ட்மேன் என்ற விலங்கியல் பேராசிரியரை 1902-ல் வரவழைத்தது. அவரோடு உதவிக்கு வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். (இவர் பின்னால் சென்னை மாகாண மீன்வளத் துறைக்கே இயக்குநர் ஆனார். நம் பக்கத்துப் பார்களைப் பற்றி 1905-ல் அறிக்கை எழுதியவரும் இவர்தான்.)

அடுத்த வருஷமே அதிர்ஷ்டம் அடித்தது. 1903-ல் சுமார் 4 கோடியே 10 லட்சம் சிப்பி. 1904-லும் கிட்டத்தட்ட அதே அளவு. அரசுக்குப் பத்து லட்ச ரூபாய்க்கு மேல் வருமானம். 1905-ல்? எட்டுக் கோடியே பதினைந்து லட்சம் சிப்பி! அரசின் வருமானம் 25 லட்ச ரூபாய். போன வருஷத்தை விடச் சிப்பி இரண்டு மடங்கு, பணம் இரண்டு மடங்குக்கும் மேல். 318 தோணிகள், ஐயாயிரத்தைத் தொடும் எண்ணிக்கையில் குளியாளிகள்.

‘இலங்கை முத்துக்குளிப்போர் கம்பெனி’ என்ற பெயரில் ஒரு நிறுவனம் கிளம்பியது. 1906-லிருந்து இருபது வருஷத்துக்குப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. வருஷத்துக்கு 3 லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய். அன்றைக்கு இது எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசியுங்கள். இருபது வருஷக் குத்தகை மொத்தமும் 62 லட்சம். 1905 மாதிரி இரண்டரை வருஷம் அமைந்தால் போட்டது கைக்கு வந்துவிடும். மீதிப் பதினேழு வருஷமும் லாபம்தான்!

1906-ல் சுமார் 6 கோடியே 70 லட்சம் சிப்பி கிடைத்தது. 1907-லும் சலாபம் நடந்தது. அதோடு சரி. 1908-ல் இல்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. சிப்பி இல்லாவிட்டாலும் குத்தகைப் பணம் கட்டியாக வேண்டுமே! 1912-ல் கம்பெனி மூடப்பட்டது. அந்தக் கரையில் அடுத்த சலாபம் நடந்தது 1925-ல்.

1903, 1904, 1905 என்று மூன்று வருஷத்தை மட்டும் எடுத்து வைத்தால் கோடு மேலே மேலே போகும். அதற்கு முந்தைய பதினோரு வருஷப் பூஜ்யத்தையும் சேர்த்துப் பார்த்திருந்தால், ‘இது ஏறுமுகம் இல்லை, ஒரு பெரிய அலை’ என்பது தெரிந்திருக்கும். அந்தப் பூஜ்யங்கள் ஒன்றும் ரகசியம் இல்லை. ஹெர்ட்மேனைக் கப்பலேற்றி வரவழைத்ததே அந்தப் பூஜ்யங்கள்தானே! கண்ணுக்கு முன்னால் கிடந்தும், ஒப்பிடும்போது எடுத்து வைக்கவில்லை.

கம்பெனிக்குப் போட்ட முதல் போயிற்று. குளியாளிக்கு? சலாபத்தில் எடுக்கும் சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு அவருக்கு. சலாபமே இல்லாத வருஷத்தில் அந்த ஒரு பங்கும் இல்லை. சங்கு குளிக்கவோ, மீன் பிடிக்கவோ போக வேண்டியதுதான். மேஜையில் போட்ட கணக்கு தப்பினால், அதன் விலையைக் கொடுப்பது எப்போதும் தண்ணீருக்குள் இறங்குகிறவர்தான்.

நம் கரைக்குத் திரும்புவோம். இருபதாம் நூற்றாண்டில் தூத்துக்குடிப் பக்கம் சலாபம் நடந்த வருஷங்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். 1900, 1908, 1914, பிறகு 1926 முதல் 1928 வரை மூன்று வருஷம். அப்புறம் 27 வருஷ இடைவெளி. 1955-ல் மறுபடி ஆரம்பித்து 1961 வரை, தொடர்ந்து ஏழு வருஷம்! இந்தக் கணக்கில் அதுவரை இல்லாத அதிசயம்.

1961-க்குப் பிறகு? இன்றுவரை ஒரு சலாபம்கூட இல்லை.

இங்கேதான் ஒப்பிடுவது நிஜமாகவே சிக்கலாகிறது. 1830-க்குப் பின் முப்பது வருஷம் இல்லாமல் இருந்து திரும்பி வந்தது. 1860-களிலிருந்து 1889 வரை இல்லாமல் இருந்தும் வந்தது. 1928-க்குப் பின்பும் அப்படியே. ஆகவே இப்போதும் வரும், பொறுங்கள் என்று சொல்லலாமா? அறுபது வருஷம் தாண்டிவிட்டது. இதற்கு முன் எந்த மௌனமும் இவ்வளவு நீளம் இல்லை. கடலும் அதே கடல் இல்லை. விசைப்படகுகள் அடிமட்டத்தை வாரும் இழுவலை போட்டன. தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் தீவுகளைச் சுற்றிப் பவளப் பாறைகளைப் பல ஆண்டுகள் வெட்டி எடுத்தார்கள். விலாங்குசல்லி என்ற தீவே தண்ணீருக்கடியில் போய்விட்டது. அந்தக் காலப் பூஜ்யத்தையும் இந்தக் காலப் பூஜ்யத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘இரண்டும் ஒன்றுதான்’ என்று சொன்னால், வெள்ளம் வந்த டிசம்பரையும் வராத டிசம்பரையும் ஒப்பிட்ட கதையாகிவிடும்.

சிலர் தேடுவதை விட்டுவிட்டு வேறு கேள்வி கேட்டார்கள். கீழவைப்பாருக்குப் போகும் வழியில் வேப்பலோடை என்று சொன்னேன் அல்லவா? மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1972-ல் அங்கே முத்து வளர்ப்புச் சோதனையைத் தொடங்கியது. 1973-ல் விஞ்ஞானி கே. அழகர்சாமி, சிப்பிக்குள் கருவை வைத்து உருண்டையான முத்தை விளைவித்துக் காட்டினார். 1981-ல் சிப்பிக் குஞ்சுகளையே பொரிப்பகத்தில் உண்டாக்கினார்கள். கடல் தரும்வரை காத்திராமல் நாமே வளர்க்க முடியும் என்று தெரிந்தது. ஆனால் சலாபம் என்ற திருவிழா அதனால் திரும்பி வந்துவிடவில்லை.

மறுபடி உங்கள் மக்ரூன் கடைக்கு வருவோம். சர்ச் கன்சோல் பழைய கணக்கைப் பதினாறு மாதம்தான் வைத்திருக்கும். அதற்கு முந்தையது வேண்டுமென்றால், நீங்களே எடுத்துப் பத்திரப்படுத்தியிருக்க வேண்டும். பதினாறு மாதக் கணக்கில் ஒரு கிறிஸ்துமஸ் வரும். தப்பித்தவறினால் இரண்டு. முப்பது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பும் ஒரு கடலைப் பதினாறு மாதக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் என்ன தெரியும்? ஒன்று, ‘முத்து கொட்டுகிறது’ என்று தெரியும். அல்லது ‘முத்தே கிடையாது’ என்று தெரியும்.

அதனால் அடுத்த முறை யாராவது உங்களிடம் ‘போன வருஷத்தை விட இந்த வருஷம் இரட்டிப்பு’ என்று காகிதத்தை நீட்டினால் - பங்குச் சந்தையோ, பரீட்சை ரிசல்ட்டோ, அரசாங்கப் புள்ளிவிவரமோ - மூன்றே கேள்வி கேளுங்கள். ‘எத்தனை முழுக்குக்கு எத்தனை சிப்பி? அதற்கு முந்தின பூஜ்யங்கள் எங்கே? நடுவில் கடலில் என்ன மாறியது?’

வைப்பாறு ஓடுவதால் அந்த ஊருக்கு வைப்பார் என்று பெயர். தமிழில் அந்தச் சொல்லுக்குச் ‘சேர்த்து வைப்பவர்’ என்றும் ஓர் அர்த்தம் சொல்லிக்கொள்ளலாம். முத்தைச் சேர்த்து வைத்தவர்களின் பெட்டிகள் எங்கெங்கோ போய்விட்டன. பதின்மூன்று முறை இறங்கி, ‘இல்லை’ என்று எழுதிச் சேர்த்து வைத்தார்களே, அந்தக் கணக்கு மட்டும் இன்றைக்கும் நமக்குப் பயன்படுகிறது.